தொட்டி நீரும் சோரன்சென் பெருமகனாரும்

சென்ற தீபாவளிக்கு வீட்டைக் கழுவித் துடைத்தபோது கூடத்தில் இருந்த மீன்தொட்டியையும் விட்டுவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஓராண்டுக்கும் மேலாக நீர் மாற்றாத தொட்டி அது. வற்றிய அளவுக்குச் சுத்திகரிப்புக் கருவியின் குடிநீரை ஊற்றி வந்தேன்; நாம் குடிக்கும் நீர் மீனுக்கு ஆகாதா என்ற நல்லெண்ணம்தான். அன்று பாதி நீரை இறைத்துவிட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீரை நிரப்பினேன். தொட்டி பளிங்குபோல் ஆயிற்று. மாலைக்குள் தங்க மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து தவித்தன. மறுநாள் காலை ஆறில் ஐந்து மிதந்தன.

இதைச் சொல்லி வருந்தியபோது எங்கள் வேதியியல் பேராசிரியர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: பழைய நீரின் பி.எச். எவ்வளவு, புதிய நீரின் பி.எச். எவ்வளவு? நான் விழித்தேன். தேர்வுக்கு மனப்பாடம் செய்த அந்த இரண்டெழுத்துக்கும் எங்கள் வீட்டுத் தொட்டிக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவ்வெழுத்துகளை உலகுக்குத் தந்தவரின் வாழ்க்கையை நூலகத்தில் தேடிப் படித்தது அதன் பிறகுதான்.

சோரென் பீட்டர் லாரிட்ஸ் சோரன்சென் 1868 ஜனவரி 9ஆம் நாள் டென்மார்க்கில் ஹாவ்ரெபியர்க் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பதினெட்டாம் வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அங்கே வேதியியல் பேராசிரியர் யோர்கென்சென் அவர்களிடம் பாடம் கேட்டவர், மருத்துவத்தை விட்டு வேதியியலுக்கே வந்துவிட்டார். கோபால்ட் சேர்மங்களை ஆராய்ந்து 1899இல் முனைவர் பட்டம் பெற்றார். அதுவரை அவர் கனிம வேதியியலார். உயிர்ப் பொருள்களின் பக்கம் அவரைத் திருப்பியது ஒரு மதுவடிசாலை என்றால் நண்பர்கள் வியப்பார்கள்.

கார்ல்ஸ்பெர்க் என்னும் பீர் வடிப்பாலையை நிறுவிய யாகோப்சென், 1875இல் அதனோடு ஓர் ஆய்வுக்கூடத்தையும் நிறுவினார். அங்குக் கண்டறியப்படும் எதையும் மறைத்து வைக்கலாகாது, உலகறிய வெளியிட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. வணிகர் ஒருவர் இப்படி விதித்தாரே என்பதை நான் இன்னும் எண்ணி எண்ணிப் பார்க்கிறேன். நாம் நைட்ரஜன் அளவிடக் கையாளும் முறையை 1883இல் வகுத்த கெல்டால் அங்கேதான் வேதியியல் பிரிவின் தலைவராய் இருந்தார். 1900இல் அவர் மறைய, 1901இல் சோரன்சென் அப்பொறுப்பை ஏற்றார். அவருடைய எஞ்சிய பணிக்காலம் முழுவதும் அக்கூடத்திலேயே கழிந்தது.

பீர் வடிப்பதற்கு நொதிகள் வேண்டும். நொதிகளோ அமிலம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வேலை நிறுத்தம் செய்பவை. எவ்வளவு அமிலம் சேர்த்தோம் என்று கணக்கிட்டுப் பார்த்தவர்களுக்கு விடை பிடிபடவில்லை. சோரன்சென் கேள்வியையே மாற்றிக் கேட்டார். ஒருவன் பெட்டியில் பூட்டி வைத்த பணம் வேறு, கையில் புழங்கும் பணம் வேறு அல்லவா? ஒரே செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அசெட்டிக் அமிலமும் தம் ஹைட்ரஜன் அயனிகளை ஒரே அளவில் வெளியே விடுவதில்லை. நொதி உணர்வது வெளியே புழங்கும் அயனியைத்தான் என்று அவர் கண்டார்.

அந்த அயனிச் செறிவோ லிட்டருக்கு ஒரு மோலில் கோடியில் ஒரு பங்கு என்பது போன்ற எண்களில் வரும். ஒவ்வொரு முறையும் சுழியங்களை எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? 1909இல் வெளியிட்ட கட்டுரையில், அவ்வெண்ணின் மடக்கையை எடுத்து எதிர்க்குறியை நீக்கி எழுதும் முறையை அவர் முன்மொழிந்தார். கோடியில் ஒரு பங்கு 7 ஆயிற்று. இந்த அளவுகோலில் ஒரு படி மாறினால் அமிலநிலை பத்து மடங்கு மாறுகிறது. இரண்டு படி மாறினால் நூறு மடங்கு. பி என்னும் எழுத்து எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.

என் கருத்தில் அக்கட்டுரையின் பெரும்பேறு இந்த எழுத்தன்று, தாங்கற் கரைசல்களே. அமிலமோ காரமோ சிறிது சேர்ந்தாலும் தன் நிலை பெயராத கரைசலையே அவ்வாறு அழைக்கிறோம். அத்தன்மையைப் பாரிசில் ஃபெர்ன்பாக் முதலியோர் 1900இலேயே கவனித்திருந்தனர். பாஸ்பேட், சிட்ரேட், போரேட், கிளைசின் ஆகியவற்றைக் கொண்டு, குறித்த பி.எச். அளவில் நிற்கும் கரைசல்களை வரிசையாக ஆக்கிக் காட்டியவர் சோரன்சென். அவற்றோடு நிறங்காட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தால் மின்வாய்க் கருவி இல்லாத எளிய ஆய்வுக்கூடமும் பி.எச். அளக்கலாம் என்றாயிற்று. அவருடைய துணைவியார் மார்கரெத்தே அம்மையாரும் அவருடன் ஆய்வில் பங்கேற்றவர் ஆவார்.

அடுத்த ஆண்டே அவர் கடல்நீருக்கு வந்தார். பாலிட்ச் என்பவருடன் சேர்ந்து, கடல்நீரின் உப்பு நிறங்காட்டிகளின் நிறத்தைப் பிறழச் செய்வதை ஆராய்ந்து, அதற்குரிய திருத்தத்தை 1910இல் வெளியிட்டார். அவ்வாண்டு தோர் என்னும் டேனிஷ் ஆய்வுக் கப்பலில் சென்ற பாலிட்ச், அம்முறையில் கடல்நீரை அளந்து வந்தார். கடல்நீர் எட்டை ஒட்டியே நிற்கிறது. அதில் கரைந்துள்ள பைகார்பனேட்டும் கார்பனேட்டும் அதன் தாங்கற் பொருள்கள்.

என் தொட்டியில் இல்லாமற்போனதும் இதுவே. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகையில் அமிலம் பிறக்கிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்கு, ஏறத்தாழ 7 கிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான காரத்தன்மை செலவாகிறது. சுத்திகரிப்புக் கருவியின் நீரிலோ பைகார்பனேட் மிகக் குறைவு. ஆகவே செலவு உண்டு, வரவு இல்லை. இருப்பு தீர்ந்ததும் பி.எச். சரிந்திருக்க வேண்டும். ஆறை நெருங்கினால் அந்தப் பாக்டீரியாக்களும் சோர்ந்துவிடும். அப்போது அம்மோனியா தேங்கும். ஆனால் அமில நீரில் அது பெரும்பாலும் அம்மோனியம் அயனியாகவே இருப்பதால் மீனை அவ்வளவாகத் தாக்குவதில்லை. கார்பனேட் மிகுந்த கிணற்று நீரை நான் ஊற்றியதும் பி.எச். மேலே தாவியது, அம்மோனியம் நஞ்சான அம்மோனியாவாக மாறியது. 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பி.எச். 7இல் அது நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேல். 8இல் ஐந்து பங்குக்கு மேல். நான் கொட்டியது தூய நீர்தான். கொன்றது அந்தத் தாவல்.

சோப்பு நுரைக்கவில்லை என்று நாம் குறைகூறும் கடினத்தன்மை கால்சிய, மக்னீசிய உப்புகளால் வருவது. பி.எச். நிலையைத் தாங்குவதோ கார்பனேட், பைகார்பனேட் பகுதி. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருவதால் ஒன்றென மயங்குகிறோம். இப்போது வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும் மாற்றுகிறேன். கிணற்று நீரை முதல் நாளே வாளியில் பிடித்துக் காற்றோட்டம் கொடுத்து வைக்கிறேன். நிலத்தடி நீரில் அடைபட்ட கரியமில வாயு வெளியேறி, பி.எச். ஏறவேண்டிய அளவுக்கு வாளியிலேயே ஏறிவிடுகிறது. வடிகட்டியில் ஒரு பிடி சிப்பித் துண்டு. நீர் அமிலமாகும்போது அது தானே மெல்லக் கரையும். புரோமோதைமால் நீலம் இரண்டு சொட்டு விட்டு நிறம் பார்க்கிறேன். மஞ்சள் பக்கம் சாய்ந்தால் அமிலம், நீலம் என்றால் காரம். எண் 7 ஆ, 7.5 ஆ என்பதைப் பற்றி இப்போது நான் கவலைப்படுவதில்லை. நேற்றைய நிறம் இன்றும் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். எஞ்சிய மீன் நலமாக இருக்கிறது.

சோரன்சென் பிற்காலத்தில் புரதங்களின் பக்கம் திரும்பினார். முட்டை வெண்கருப் புரதத்தைப் படிகமாக்கி, சவ்வூடு அழுத்தத்தைக் கொண்டு அதன் மூலக்கூறு எடையை மதிப்பிட்டார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை. 1934இல் அமெரிக்காவில் பெக்மன் என்பார், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வேண்டிய தேவைக்காக மின்னணு பி.எச். அளவியை உருவாக்கினார். ஒரு மதுவடிசாலையின் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய அளவுகோல், அவர் வாழ்நாளிலேயே பழத்தோட்டங்கள் வரை சென்றுவிட்டது. 1938இல் ஓய்வு பெற்ற அவர், 1939 பிப்ரவரி 12ஆம் நாள் கோபன்ஹேகனை அடுத்த சார்லொட்டன்லுண்டில் காலமானார்.