ஸ்லோகம் அடித்த இரண்டு பெயிண்ட்



எங்க பேட்ச் புராஜெக்ட் ஒரு பத்தடி பிளைவுட் கயாக். எபாக்சி பூசி முடித்ததும் கண்ணாடி மாதிரி மின்னியது. வேலை முடிஞ்சதுன்னு ஒர்க்‌ஷாப் பின்னாடி வெயிலில் போட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்து பார்த்தால் ஒரே மஞ்சள். தடவினால் விரலில் சுண்ணாம்பு மாதிரி பொடி! எபாக்சி தண்ணீரைத் தடுக்கும். ஆனால் வெயிலின் அல்ட்ரா வயலெட் கதிர் அதையே அரித்துவிடும். இந்த விஷயம் அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

அந்த வருத்தத்தில் இருந்தபோதுதான் கேப்டன் ஜோஷுவா ஸ்லோகத்தின் கதை எனக்குக் கிடைத்தது. படகைத் தானே செய்து, தன்னந்தனியாக முதன்முதலில் உலகைச் சுற்றி வந்தவர். 1844ல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தார். பத்து வயதில் படிப்பை நிறுத்தி, அப்பாவின் பூட்ஸ் பட்டறையில் உட்கார வைத்தார்கள். பதினாலு வயதில் வீட்டைவிட்டு ஓடி, மீன்பிடி கப்பலில் சமையல்காரர் ஆனார். படிப்படியாகக் கேப்டன். (அவருக்கு நீச்சல் தெரியாது என்பார்கள்!)

1887 கடைசியில் பிரேசில் கரையோரம் அவருடைய கப்பல் தரைதட்டி நாசமானது. மனுஷன் அசரவில்லை. அங்கேயே 35 அடிப் படகு ஒன்றைக் கட்டி, மனைவியையும் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா வந்து சேர்ந்தார். ஆனால் நீராவிக் கப்பல் வந்துவிட்ட காலம். பாய்மரக் கேப்டனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

1892ல் பழைய திமிங்கல வேட்டைக் கேப்டன் ஒருவர் அவருக்கு ஒரு கப்பலை இனாமாகத் தந்தார். போய்ப் பார்த்தால் வயலில் மக்கிக் கிடக்கும் பழைய சிப்பிப் படகு. பேர் 'ஸ்ப்ரே'. ஸ்லோகம் ஓக் மரம் வெட்டி, கட்டைகளை ஆவியில் வளைத்து, ஒன்றரை அங்குல பைன் பலகை அறைந்து, இடுக்கெல்லாம் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடித்தார். 13 மாசம், 553 டாலர் 62 சென்ட். நம்ம எஸ்டிமேஷன் வாத்தியார் பார்த்தால் சந்தோஷப்படுவார்!

கடைசியாகப் பெயிண்ட். அடிப்பாகத்துக்குச் செம்புப் பெயிண்ட் இரண்டு கோட்டிங், மேல்பக்கத்துக்கு வெள்ளை ஈயம் இரண்டு கோட்டிங். ஒரே படகுக்கு ஏன் இரண்டு விதம்? மேலே எதிரி வெயில். மரத்தின் லிக்னினை வெளிச்சம் சிதைக்கும். வெள்ளை நிறமி அதை உள்ளே விடாமல் திருப்பிவிடும். கீழே எதிரி, பலகையைக் குடைகிற கப்பல் புழு. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அதற்கு விஷமாகும். அதாவது மேல் பெயிண்ட் ஒட்டிக்கொண்டு காக்கிறது, கீழ் பெயிண்ட் கரைந்து காக்கிறது. கரைவதால் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும்.

1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து கிளம்பினார். 1897ல் டாஸ்மேனியாவின் டெவன்போர்ட்டில் படகைக் கரையேற்றிச் சோதித்தார்கள். ஒரு புழுத்துளைகூட இல்லை. நாமாக இருந்தால் அப்படியே இறக்கியிருப்போம். அவர் மறுபடியும் செம்புப் பெயிண்ட் அடித்தார். அடுத்து வருவது பவளக் கடலும் அராஃபுரா கடலும் ஆச்சே! 1898 ஜூனில் 46,000 மைல் முடித்து நியூபோர்ட் வந்தார்.

வயதான காலத்தில் அதே படகில் தெற்கே கிளம்பியவர் திரும்பவில்லை. அப்போது 'ஸ்ப்ரே' முன்போலப் பராமரிப்பில் இல்லை என்கிறார்கள். 1924ல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தார்கள்.

எங்க கயாக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். மர ரேகை தெரியணும், வார்னிஷ்தான் வேணும் என்று ஒருவன் அடம்பிடித்தான். கதிரைத் தடுக்கும் வார்னிஷ் என்றாலும் பல கோட்டிங் வேணும், அடிக்கடி புதுப்பிக்கவும் வேணும். ஹாஸ்டலைக் காலிபண்ணின பிறகு யார் செய்வது? வெள்ளை பாலியூரிதேன் இரண்டு கோட்டிங் அடித்தோம். வெள்ளை ஈயம் விஷம். இப்போது அந்த வேலையை டைட்டானியம் டையாக்சைடு செய்கிறது. ஓட்டி முடித்ததும் கரையேற்றிவிடுவதால் அடிக்குச் செம்பு தேவைப்படவில்லை.