நெசவாளர் ஜக்கார்ட்

காஞ்சிமாநகரின் நெசவாளர் தெருக்களிலே, தறியின்மேல் அமைந்த பெட்டியையும் அதனின்று தொங்கும் துளையிட்ட அட்டைகளையும் காணலாம். அப்பெட்டிக்கு வழங்கும் ஜக்கார்டு என்னும் பெயர், பிரெஞ்சு நாட்டு நெசவாளர் ஒருவரின் பெயரேயாகும்.

ஜோசப் மரி ஜக்கார்ட், பட்டு நெசவிற்குப் புகழ்பெற்ற லியோன் நகரில் 1752 ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையாரும் நெசவாளரே. அந்நாளில் பூவேலைத் தறிக்கு இருவர் வேண்டும். ஒருவர் நாடா எறிவார். மற்றவர் பாவிழைகளை உயர்த்தும் கயிறுகளை முறைதவறாது இழுப்பார். இழுப்போர் பெரும்பாலும் சிறுவர். பகல் முழுதும் உழைத்து அவர்தம் உடல் நலிந்தது. காஞ்சியின் பழைய அடைத்தறிக்கும் இத்தகைய துணையாள் இன்றியமையாதவர். ஜக்கார்டும் இளமையில் அவ்வேலை செய்து வருந்தினார் என்பர்.

தந்தையார் வைத்த பொருள் கரைந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் போரிலே மகனையும் பறிகொடுத்தார். பின்னர்ப் பாரிசில், வோகன்சன் என்பார் முன்பு அமைத்த தறியை ஆராய்ந்து, 1804 இல் தம் பொறியை முடித்தார். அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய இழை மேலெழும். துளையில்லாவிடத்து இழை கிடந்தபடியே கிடக்கும்.

லியோன் நெசவாளர் மகிழ்ந்தனரோ எனின், இல்லை. கயிறிழுப்போர்க்கு வேலை போயிற்று. தறிகளை எரித்தனர், ஜக்கார்டையும் தாக்கினர். பசிக்கு அஞ்சினோரை முற்றும் பழித்தல் முறையன்று. ஆயினும் 1812 அளவில் பிரெஞ்சு நாட்டில் ஏறத்தாழ 11,000 ஜக்கார்டு தறிகள் இயங்கின. கூலி போதாமல் வாடிய லியோன் நெசவாளர் 1831 இலும் 1834 இலும் கிளர்ந்தெழுந்தனர். இரண்டாம் கிளர்ச்சி நிகழ்ந்த ஆண்டிலேயே ஜக்கார்ட் மறைந்தார். 1840 இல் லியோன் நகரம் அவருக்குச் சிலை எடுத்தது.