நாடகம் பயிற்றிய நல்லாசிரியர்: பேராசிரியர் பேக்கர்

கவிபாடும் ஆற்றல் பிறவியிலே வாய்ப்பதோ, பயிற்சியினால் வருவதோ என்னும் வினா நம் புலவர் அவைகளில் நெடுங்காலமாக எழுந்து வருவதாகும். யாப்பிலக்கணம் பயிற்றும் என் போன்ற ஆசிரியர்களை நோக்கி மாணாக்கர் ஆண்டுதோறும் இதனை வினவுகின்றனர். நாடகம் பற்றியும் இதே வினா மேனாட்டில் எழுந்தது. அதற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாக்கிச் சென்ற ஆசிரியர் ஒருவர் உளர். அமெரிக்க நாட்டவராகிய ஜோர்ஜ் பியேர்ஸ் பேக்கர் என்பாரே அவர். நாடகம் எழுதும் கலையைச் சர்வகலாசாலைப் பாடமாக்கியோருள் முன்னணியில் நின்ற அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றேன்.

பேக்கர் 1866 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 4 ஆந் திகதி, றோட் ஐலன்ட் மாநிலத்துப் புறொவிடன்ஸ் நகரிற் பிறந்தார். ஹாவாட் சர்வகலாசாலையிற் பயின்று 1887 இற் பட்டம் பெற்று, மறு ஆண்டே அங்கு ஆங்கில ஆசிரியராக அமர்ந்தார். முதலில் அவர் கற்பித்தது சொற்போர்க் கலை. 1895 இல் வாதமுறை பற்றி ஒரு நூலும் இயற்றினார். பின்னர் அவர் உள்ளம் நாடகத்தின்பாற் சென்றது. 1907 இல் வெளிவந்த அவரது நூலொன்று, சேக்ஸ்பியர் நாடகாசிரியராகப் படிப்படியே வளர்ந்த நெறியை ஆராய்வது. வானினின்று இறங்கிய தெய்வப் புலவராக அன்றி, அரங்கிற்கும் அவையோர்க்கும் ஏற்பத் தம் தொழிலைக் கற்றுத் தேர்ந்தவராக அம்மகாகவியை அந்நூல் காட்டுகின்றது. சேக்ஸ்பியரே கற்றுத் தேர்ந்தாராயின், பிறரும் கற்கலாம் அன்றோ? பேக்கரின் வாழ்நாட் பணி இக்கருத்தினின்றே முளைத்தது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, முதலில் ராட்கிளிவ் மகளிர் கல்லூரியிலும், பின்னர் ஹாவாட்டிலும் நாடகம் எழுதும் வகுப்பை அவர் நடத்தலாயினார். பெரும்பாலும் பட்டதாரிகளுக்கென அமைந்த அவ்வகுப்பிற்குப் பாட அட்டவணையில் ஆங்கிலம் 47 என்பது பெயர். நாடகம் ஒன்றை எழுதிக் காட்டியே அதில் இடம்பெறல் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டோர் மிகச் சிலர். சிறுகதை ஒன்றை ஓரங்க நாடகமாக்குதல் முதற் பயிற்சி. அதன் பின்னரே சொந்தமாகப் புனைதல். உரையாடலைத் தொடுமுன் கதையின் கட்டுக்கோப்பை நிரல்பட வகுத்துக்கொள்ளுமாறு அவர் வற்புறுத்துவார். செயலும் உணர்ச்சியுமே நாடகத்தின் உயிர் என்பது அவர் கொள்கை. 1919 இல் வெளியிட்ட 'நாடக நுட்பம்' என்னும் நூலில் இம்முறைகளை விரிவாக விளக்கினார்.

ஏட்டில் எழுதிய நாடகம் அரங்கேறினாலன்றி அதன் குறை புலப்படாது. ஆதலின், 1912 ஆம் ஆண்டு '47 பட்டறை' என்னும் செயல்முறைக் கூடத்தை நிறுவினார். மகளிர் கல்லூரியின் சிற்றரங்கை இரவல் பெற்று, மாணாக்கர் நாடகங்களை ஆங்கு மேடையேற்றினார். அழைப்புப் பெற்றோரே அவையில் அமரலாம். அவர்களும் நாடகம் பற்றிய தம் கருத்தை எழுதித் தருதல் கட்டாயம். எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு அக்குறிப்புக்களை ஆக்கியோனிடம் கொடுப்பார் பேக்கர். புகழ்ச்சிக்கு மயங்காமலும் பகைமைக்கு அஞ்சாமலும் தன் படைப்பைத் தானே நிறுத்துப் பார்க்க இளம் எழுத்தாளன் பழகினான்.

இங்ஙனம் பயின்றோர் பலர் பெரும்புகழ் எய்தினர். எட்வேட் ஷெல்டன் 1908 இலேயே நியூயோர்க் அரங்கிற் பெயர் பெற்றார். பிலிப் பாரி, எஸ். என். பேர்மன் ஆகியோரும் இவ்வகுப்பினரே. சிட்னி ஹவாட் 1925 இற் புலிட்சர் பரிசு பெற்றதோடு, பிற்காலத்தில் திரைக்கதையிலும் கைவைத்தார். 1939 இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்' திரைப்படத்திற்கு எழுதிய திரைக்கதைக்காக, அவர் இறந்தபின் ஒஸ்கார் பரிசு வழங்கப்பட்டது.

இவர்கள் யாவரினும் தலைசிறந்தவர் யூஜீன் ஓநீல். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் ஓராண்டு மட்டும் பயின்று, பட்டம் பெறாது நீங்கி, கடலோடியாய் அலைந்து, சயரோகத்தினின்று மீண்ட அவ்விளைஞர், கலைஞனாதல் வேண்டும், இன்றேல் ஒன்றுமே வேண்டாம் என்னும் கருத்துப்பட விண்ணப்பித்திருந்தார். பட்டம் இல்லாத அவரைச் சிறப்பு மாணவராக ஏற்றார் பேக்கர். 1914 முதல் 1915 வரை ஓராண்டு பயின்றார் ஓநீல். கடலோடிகளைப் பற்றி அவர் எழுதியிருந்த ஓரங்க நாடகம் ஒன்றைப் பேக்கர் நாடகமென்றே ஒப்புக்கொள்ளவில்லை. அந்நாடகமே 1916 இல் புறொவின்ஸ்ரவுன் என்னும் கடற்கரை ஊரில் மேடையேறி, அவர் புகழுக்கு வித்திட்டது.

தோமஸ் வுல்வ் என்னும் மற்றொரு மாணவர், 1920 முதல் மூன்றாண்டுகள் முயன்றும் நாடகத்தில் வெற்றி காணவில்லை. சொற்பெருக்குடைய அவர் உள்ளம் அரங்கின் எல்லைக்குள் அடங்கவில்லை. பின்னாளில் நாவலாசிரியராகவே அவர் பெரும்பெயர் பெற்றார்.

ஆகவே, பேக்கரின் வகுப்பு கல்லைப் பொன்னாக்கும் இரசவாதம் அன்று என்பது தெளிவு. ஹாவாட் மேலோர் சிலரின் ஐயமும் இதுவே. நாடகத் தொழிலுக்குப் பட்டம் வழங்குதல் சர்வகலாசாலையின் மாண்புக்கு ஒக்குமோ என அவர்கள் தயங்கினர். பட்டமும் தரவில்லை, தக்க அரங்கும் கட்டவில்லை. அந்நிலையில், 1924 இல் எட்வேட் ஹாக்னஸ் என்னும் செல்வர், நாடகக் கல்விக்கென யேல் சர்வகலாசாலைக்குப் பத்து இலட்சம் டொலர் வழங்கினார். முப்பத்தேழு ஆண்டுகள் தொண்டாற்றிய இடத்தை விட்டு, 1925 இல், தம் ஐம்பத்தொன்பதாம் வயதில், யேலுக்குச் சென்றார் பேக்கர். ஓய்வை நாடும் பருவத்தில் ஒரு துறையை அடித்தளத்தினின்று கட்டியெழுப்பத் துணிந்த நெஞ்சுரத்தை என்னென்பது! 1926 இல் ஆங்கு அரங்கம் திறக்கப்பட்டது. 1931 இல் நாடகத்தில் நுண்கலை முதுமாணிப் பட்டமும் வழங்கப்படலாயிற்று. பின்னாளிற் பெரும் நெறியாளராய் விளங்கிய எலியா கசானும் அவர் காலத்தில் ஆங்கு பயின்றவரே.

1933 இல் ஓய்வுபெற்ற பேக்கர், 1935 ஆம் ஆண்டு சனவரி 6 ஆந் திகதி நியூயோர்க்கிற் காலமானார். அவ்வாண்டே வுல்வ் வெளியிட்ட பெருநாவலில் வரும் பேராசிரியர் ஒருவர், பேக்கரை எள்ளிப் புனைந்த பாத்திரம் என்பதைப் பலரும் கண்டுகொண்டனர். மறு ஆண்டில் ஓநீலுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வெள்ளலையும் இப்பெருமையையும் காண ஆசிரியர் இலர். எனினும், தம் ஓரங்க நாடகத்தை ஏற்க மறுத்த அதே ஆசிரியர் மறைந்தபோது ஓநீல் பத்திரிகைக்கு எழுதிய மடல் நம் கருத்திற்குரியது. புதிய நாடகாசிரியருக்கு அரங்கின் கதவு அடைத்திருந்த அக்காலத்தில், தம் எழுத்தில் நம்பிக்கை வைக்கவும், அந்நம்பிக்கையைத் தளரவிடாது காக்கவும் கற்பித்தவர் பேக்கரே என அம்மடலில் நன்றியுடன் உரைத்தார்.

நல்லாசிரியனுக்கு நிலத்தையும் நிறைகோலையும் உவமை கூறுவர் நன்னூலார். உழுவோன் முயற்சிக்கேற்ப நிலம் விளைவு தரும். ஆயின் வித்தை அது தானே தோற்றுவிப்பதில்லை. ஓநீலிடத்திருந்த வித்தைப் பேக்கர் படைக்கவில்லை. அது வேரூன்ற இடங்கொடுத்தார். நிறைகோல் ஒருமுறை பிழைத்திருக்கலாம், ஒருபாற் கோடியதில்லை. யேல் நாடகக் கல்லூரிக்கு 2021 இல் பதினைந்து கோடி டொலர் நன்கொடை கிடைத்ததனால், அங்கு மாணாக்கர் கட்டணமின்றியே பயில்கின்றனர். இரவல் அரங்கில் அவர் தொடக்கிய வேளாண்மை இன்றும் நடைபெறுகின்றது. பிறவியோ பயிற்சியோ என வினவும் மாணாக்கருக்கு நான் கூறுவதும் இதுவே: வித்து உம்முடையது, நிலம் பண்படுத்தப்பட்டிருத்தல் வேண்டும், உழவு இருவர்க்கும் பொது.