ஐந்து விசைகளோடு ஒரு மனிதர்

எங்கள் ஊர் வாசிகசாலைக்குக் கிடைத்த பழைய கணினியில் இன்றைய மென்பொருட்கள் ஓடாது. ஆகவே புத்தக இரவல் பதிவை வெறும் எழுத்துத் திரையில் இயங்கும்படி எழுதத் தொடங்கினேன். பைதன் மொழியோடு வரும் கர்சஸ் என்ற கருவித் தொகுதி அதற்குப் போதும். மவுஸ் வேண்டாம், அம்பு விசைகளால் பெயர்ப்பட்டியலில் ஏறி இறங்கலாம். அந்தத் தொகுதியில் போட்ரேட் என்றொரு கட்டளை உண்டு. இணைப்பின் வேகத்தைச் சொல்வது அது. அதற்குள் ஒரு மனிதரின் பெயர் இருப்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அவர் எமில் போடோ. 1845இல் பிரான்ஸின் மன்யோ என்ற கிராமத்தில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். ஊர் ஆரம்பப் பாடசாலையோடு அவரது படிப்பு முடிந்தது. தோட்ட வேலை செய்தார். 1869இல் தந்தித் திணைக்களத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். மறுவருடமே பிரசியாவுடன் யுத்தம். அதிலும் பணியாற்றிவிட்டு, 1872இல் பாரிஸில் மீண்டும் தந்தி வேலைக்கு வந்தார். இடப்பெயர்வில் படிப்பை விட்ட எனக்கு இந்த இடத்தில் வாசிப்பு சற்று நின்றது.

அவர் கவனித்தது ஒன்றுதான்: தந்திக் கம்பி பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கிறது. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் இன்னொருவரின் செய்தியை ஏன் அனுப்பக்கூடாது? தன் சொந்த நேரத்தில் அதற்கான இயந்திரத்தை உருவாக்கி, 1874இல் காப்புரிமை பெற்றார். பல தந்தியாளர்கள் முறை வைத்து ஒரே கம்பியைப் பயன்படுத்தினர். இடக்கைக்கு இரண்டு, வலக்கைக்கு மூன்று என ஐந்தே விசைகள். அழுத்தியும் விட்டும் 32 கோலங்கள். கோலத்துக்கு ஓர் எழுத்து.

1878 பாரிஸ் கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆனால் ஆய்வுச் செலவைப் பெரும்பாலும் தானே சுமந்ததால், 1880இல் அந்தப் பதக்கத்தையே விற்றார். உடல்நலமும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. 1903இல், 57 வயதில் காலமானார். பின்னர் சமிக்ஞை வேகத்தின் அலகுக்குப் போட் என அவர் பெயரையே வைத்தார்கள்.

கர்சஸ் பிறந்ததும் இதேபோன்ற ஒரு நெருக்கடியில்தான். 1980ஐ ஒட்டிய காலத்தில் திரைகள் மெதுவான கம்பிகளால் கணினியோடு இணைந்திருந்தன. ஆகவே அது முழுத் திரையையும் திரும்ப அனுப்பாது. பழைய திரையையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறிய எழுத்துகளை மட்டும் அனுப்பும். ஒடுங்கிய கம்பியை வீணாக்காதே என்ற போடோவின் எண்ணம்தான் அங்கேயும்.

வாசிகசாலைப் பதிவு இப்போது வேலை செய்கிறது. மின்சாரம் நின்று வந்தாலும், எழுதிய பதிவு கோப்பில் இருக்கும். முடித்த அன்று போட்ரேட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். திரையில் 38400 என்று வந்தது. போடோவுக்கு ஆரம்பப் பாடசாலையும் ஐந்து விசைகளும்தான் இருந்தன. கணினியை அணைக்க மனமில்லாமல் அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.