இல்லத்தைப் பள்ளியாக்கிய பெஸ்டலாசி

கல்வி என்றவுடன் பலர் நினைவில் எழுவன பள்ளிக் கட்டடமும் நூல்களும் கரும்பலகையுமே. ஆயினும், பள்ளிக்குச் செல்லும் பருவம் எய்தாத குழந்தையும் நாள்தோறும் கற்றுக்கொண்டேயிருக்கிறது. அதற்கு வீடே பள்ளி, தாயே ஆசிரியை. அவ்வீடு வறியவர் வீடாயினும் அங்கே சிறந்த கல்வி நிகழக்கூடும் என்பதை உலகிற்கு உணர்த்தவே தம் வாழ்நாளைச் செலவிட்டவர், சுவிட்சர்லாந்து நாட்டுப் பெரியார் பெஸ்டலாசி.

பெஸ்டலாசி 1746ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் சூரிச் நகரில் பிறந்தார். அறுவை மருத்துவராயிருந்த தந்தையார், மைந்தர்க்கு ஐந்து வயதானபோது, 1751ஆம் ஆண்டில் மறைந்தார். குடும்பத்தைக் கைவிடலாகாது என்று இறக்குந் தறுவாயில் அவர் வேண்டிக்கொண்டதற்கு இசைந்து, பாபெலி என்னும் பணிப்பெண் அவ்வீட்டிலேயே தங்கிவிட்டாள். வருவாயோ மிகக் குறைவு. பாபெலி அங்காடிக்குப் பலமுறை சென்று பார்த்து, வணிகர் வீடு திரும்ப விரையும் வேளையில் விலை தணிந்த பின்னரே காய்கனி வாங்குவாள். உடையும் காலணியும் தேயுமென்று பிள்ளைகளை வீணே வெளியில் செல்ல விடமாட்டாள். அன்னையும் அவளுமாகச் சிறிய வருவாயைக் கொண்டு இல்லத்தைச் செவ்வனே நடத்தியதைப் பெஸ்டலாசி கண்கூடாகக் கண்டு வளர்ந்தார். வறுமைக்கும் நல்வளர்ப்பிற்கும் பகையில்லை என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் அன்றே வேரூன்றியது.

கற்றுத் தேர்ந்த பெஸ்டலாசி, ஏழைக் குடியானவர்க்கு உதவ விரும்பி உழவுத் தொழிலை மேற்கொண்டார். பிர் என்னும் சிற்றூரையடுத்து நிலம் வாங்கிப் பண்ணையொன்று அமைத்து, அதற்கு நொய்ஹோப் என்று பெயரிட்டார். 1769ஆம் ஆண்டில் அன்னா என்னும் நற்குண மங்கையை மணந்தார். மறு ஆண்டில் மகன் பிறந்தான். குழந்தைக் கல்வியைப் பற்றி 1762ஆம் ஆண்டில் எமீல் என்னும் நூலை வெளியிட்ட அறிஞர் ரூசோவிடம் பெஸ்டலாசிக்கு அளவிறந்த மதிப்பு உண்டு. ஆதலின் மகனுக்கு அவர் பெயரையே சூட்டினார்.

மகனுக்கு மூன்றரை வயதானபோது, 1774ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தாமே அவனுக்குக் கல்வி கற்பிக்கத் தொடங்கி, அதன் போக்கை நாட்குறிப்பாக எழுதி வந்தார். எண்களின் பெயர்களையும் இலத்தீன் மொழிச் சொற்களையும் பயிற்றினார். சிறுவன் சலித்தான், சில வேளைகளில் பிடிவாதம் செய்தான். தந்தையும் கடுமை காட்டினார். ஒரு நாள் அவர்க்கு ஓர் உண்மை புலனாயிற்று. மகன் எண்களின் பெயர்களை வரிசையாக ஒப்பித்தான். ஆனால் அப்பெயர்கள் எவற்றைக் குறிக்கின்றன என்பதை அறிந்தானல்லன். பொருளை அறிவதற்கு முன்னே சொல்லைத் திணித்தது தம் குற்றமே என்று பெஸ்டலாசி ஒளியாது எழுதிவைத்தார். பின்னர் அவனை மலைச்சரிவிற்கு அழைத்துச் சென்று, நீர் மேலிருந்து கீழே ஓடுவதைக் காட்டினார். தந்தையோடு தானும் கீழே நடந்து, ஓடும் நீரைக் கண்டு சிறுவன் மகிழ்ந்தான். சுவடியைக் கண்டு சலித்த குழந்தை, ஓடை நீரைக் கண்டு தானே கற்றுக்கொண்டது. முதலிற் பொருள், பின்னரே சொல் என்னும் கொள்கை இவ்வாறு ஓர் இல்லத்திலே, தந்தையின் தவற்றிலிருந்து முளைத்தது.

அவ்வாண்டிலேயே பெஸ்டலாசி ஏழைச் சிறுவர் சிறுமியரைத் தம் பண்ணையில் சேர்த்து உணவும் உடையும் அளித்தார். அவர்கள் பஞ்சு நூற்றுக்கொண்டும் நெய்துகொண்டும் கல்வி கற்றனர். ஆனால் செலவு வரவை விஞ்சியது, கடன் பெருகியது. 1780ஆம் ஆண்டில் அப்பள்ளியை மூட நேர்ந்தது. ஊரார் எள்ளினர், நண்பர் பலர் விலகினர். கையிற் பொருளில்லாத பெஸ்டலாசி எழுதுகோலை எடுத்தார்.

1781ஆம் ஆண்டில் வெளிவந்த லீன்கார்டும் கெர்ட்ரூடும் என்னும் புதினம் அவர் புகழைப் பரப்பியது. அதன் தலைவி கெர்ட்ரூட், குடிப்பழக்கத்திற்கு அடிமையான கொத்தன் ஒருவனின் மனைவி. குழந்தைகளுக்கெனப் பொருள் வாங்க அவளிடம் பணமில்லை. ஆயினும் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை நடக்கும் அடிகளை எண்ணச் செய்து எண் கற்பித்தாள். ஐந்தைந்தாய் இரு வரிசையில் அமைந்த பலகணிக் கண்ணாடிகளைக் காட்டிப் பத்தின் இயல்பை விளக்கினாள். நூற்கும்போது இழைகளையும், நூல் சுற்றும்போது சுற்றுகளையும் எண்ணச் செய்தாள். வீட்டு வேலையே பாடமாயிற்று, வீட்டிலுள்ளவையே கருவிகளாயின. காசு செலவின்றிக் கல்வி நடந்தது.

1798ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை சுவிட்சர்லாந்தின் ஸ்டான்ஸ் நகரைத் தாக்கியது. பெற்றோரை இழந்த குழந்தைகள் பலர் தெருவில் நின்றனர். அவர்களைக் காக்கும் பணியை அரசினர் பெஸ்டலாசியிடம் ஒப்படைத்தனர். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்திரண்டு. முடிவுறாத கட்டடம், கடுங்குளிர், நூல்கள் இல்லை, ஏறக்குறைய எண்பது குழந்தைகள். துணைக்கு வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி மட்டுமே இருந்தாள். பெஸ்டலாசி அக்குழந்தைகளோடு உண்டார், அவர்களோடு உறங்கினார், அவர்கள் நோயுற்றபோது அருகிருந்து பேணினார். சில திங்களிலேயே குழந்தைகளின் முகம் மலர்ந்தது. ஆனால் 1799ஆம் ஆண்டு சூன் திங்களில் படைவீரர்க்கு மருத்துவமனை வேண்டுமென்று அக்கட்டடம் எடுத்துக்கொள்ளப்பட்டது. தளர்ந்த உடலோடு பெஸ்டலாசி வெளியேறினார்.

தளராத உள்ளத்தோடு பர்க்டார்ப் என்னும் ஊரில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கினார். அங்கே நிகழ்ந்ததாக ஒரு நிகழ்ச்சியைக் கூறுவர். ஆசிரியர் ஒருவர் ஏணியின் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தினார். முற்றத்தில் உண்மையான ஏணியிருக்கப் படம் எதற்கு என்று ஒரு சிறுவன் வினவினான். மற்றொரு முறை பலகணியின் படத்தைக் காட்டியபோது, அறையிலேயே பலகணி இருப்பதை அவன் சுட்டினான். இதைக் கேட்ட பெஸ்டலாசி சிறுவன் பக்கமே நின்று, படங்களை அகற்றிவிடச் சொன்னார். விலைகொடுத்து வாங்கிய படத்தினும் விலையின்றிக் கிடைத்த பொருளே மேலென்று அவர் கொண்டார். அவ்வறையின் கிழிந்த சுவர்த்தாளையே காட்டி, அதன் துளைகளின் அளவையும் வடிவையும் நிறத்தையும் பிள்ளைகள் கண்டு சொல்லுமாறு பயிற்றினார்.

எண், வடிவம், சொல் ஆகிய மூன்றே கல்வியின் அடிப்படை என்றும், அவற்றை எளிதிலிருந்து அரிதிற்குப் படிப்படியாகக் கற்பித்தால் தாயரே தம் மக்களுக்கு ஆசிரியராதல் கூடும் என்றும் விளக்கி, கெர்ட்ரூட் தன் மக்களுக்குக் கற்பிக்கும் முறை என்னும் நூலை 1801ஆம் ஆண்டில் வெளியிட்டார். நூல் வெளிவந்த அவ்வாண்டிலேயே, நெடுங்காலம் காக்கை வலிப்பு நோயால் வருந்திய அவருடைய ஒரே மகன் உயிர்நீத்தான். தமக்கு முதற்பாடம் புகட்டிய மகனை இழந்த துயரத்திலும் பெஸ்டலாசி பிறர் மக்களுக்கான பணியை நிறுத்தினாரல்லர்.

1805ஆம் ஆண்டு முதல் இவர்டன் நகரில் அவர் நடத்திய பள்ளியைக் காண ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்தும் அறிஞர் வந்தனர். பிற்காலத்தில் கிண்டர்கார்ட்டன் என்னும் குழந்தைப் பள்ளியைத் தோற்றுவித்த புரோபெல், அங்கே தங்கிப் பயின்றவரே. ஆசிரியர்களிடையே எழுந்த பூசலால் இவர்டன் பள்ளி 1825ஆம் ஆண்டில் மூடப்பட்டது. முதுமையில் பழைய பண்ணைக்கே திரும்பிய பெஸ்டலாசி, 1827ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய உடல் பிர் ஊர்ப் பள்ளியின் அருகே அடக்கம் செய்யப்பட்டது.

பெஸ்டலாசி தொடங்கிய நிலையங்கள் பல நிலைத்தில. ஆயினும் அவர் கண்ட உண்மை நிலைத்தது. குழந்தையோடு அமர்ந்து பேசும் பொழுதும், அது காண்பதைத் தாமும் உடன் காணும் பொறுமையும், குன்றாத அன்பும் இருப்பின், வெறுங் கூழாங்கற்களும் எண்சுவடியாகும். பொருட்செல்வம் இல்லாத வீட்டிலும் இம்மூன்றும் இருத்தல் இயலும். தம்பி தங்கையரோடு வளரும் இளைஞர் அனைவரும் உள்ளத்திற் கொள்ளத்தக்கது இவ்வுண்மையே.