இயக்குநர் கே. சுப்பிரமணியம்

தஞ்சைத் தரணியிலுள்ள பாபநாசத்தில் 1904ஆம் ஆண்டு பிறந்தவர் கே. சுப்பிரமணியம். சட்டம் பயின்று வழக்கறிஞரான அவரைக் கலையார்வம் திரையுலகிற்கு ஈர்த்தது. 1934இல் 'பவளக்கொடி' என்னும் படத்தை இயக்கினார். புராணக் கதைகளே மலிந்திருந்த அந்நாளில், சமூகக் கேடுகளைத் திரையில் காட்டத் துணிந்தவர் அவர். கைம்பெண்களின் துயரைக் கூறிய 'பாலயோகினி' 1937இல் வெளிவந்தபோது வைதிகர் வெகுண்டனர், அவரோ தளர்ந்தாரல்லர். 1939இல் கல்கியின் கதையைத் 'தியாகபூமி' என்னும் படமாக்கினார். தீண்டாமையைச் சாடி, விடுதலை வேட்கையைத் தூண்டிய அப்படத்தை ஆங்கில அரசு பின்னர்த் தடை செய்தது.

அவ்வாண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. திரைப்படம் மக்கள் உள்ளத்தைக் கவரும் என்பதை அரசினர் நன்கறிவர்; அறிந்தமையாலன்றோ தடை விதித்தனர்! அதே கருவியைத் தம் போர்ப் பணிக்குப் பயன்படுத்தவும் முற்பட்டனர். 1940இல் திரைப்பட ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்துக் குறும்படங்கள் எடுப்பித்தனர். 1943 முதல், அரசு ஒப்பிய படங்களை ஒவ்வொரு காட்சியிலும் காட்டியே தீரவேண்டும் எனக் கொட்டகைகளுக்கு ஆணை பிறந்தது.

படச்சுருளோ கடல் கடந்து கப்பலில் வரவேண்டிய பொருள். போரினால் அதன் வரவு சுருங்கவே, அரசினர் அதனைப் பங்கிட்டு அளந்து கொடுத்தனர். படத்தின் நீளம் 11,000 அடிக்கு மிகலாகாது என்றனர். அஃதாவது, ஏறத்தாழ இரண்டு மணி நேரம். உரிமம் பெற்றவர்கள் போர் முயற்சிக்குத் துணைபுரியும் படமும் எடுத்தல் வேண்டும் என்றனர். சுருள் இல்லையேல் படம் இல்லை. படம் இல்லையேல் அதனை நம்பி வாழும் நூற்றுக்கணக்கான தொழிலாளர்க்கு ஊதியமும் இல்லை.

இந்நிலையில், தடைக்கு உள்ளான படத்தை எடுத்த அதே சுப்பிரமணியம், 1945இல் போர் ஆதரவுப் படமான 'மானசம்ரட்சணம்' எடுத்தார். அவர்தம் துணைவியார் எஸ். டி. சுப்புலட்சுமி அதில் நடித்தார். அவ்வாண்டிலேயே சேலம் டி. ஆர். சுந்தரத்தின் 'பர்மா ராணி'யும் வெளிவந்தது. இதனைக் கொண்டு சுப்பிரமணியம் கொள்கை மாறினார் என்று கூறுவது பொருந்தாது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது, காடும் மலையும் கடந்து கால்நடையாகவே தாயகம் திரும்பிய தமிழர் பலர். போர் நமக்கு முற்றிலும் அயலானதன்று.

போர் முடிந்தது; 1947இல் நாடும் விடுதலை பெற்றது. திரைத்தொழிலாளர் நலனுக்கும் நாட்டியக் கலைக்கும் தொண்டாற்றிய சுப்பிரமணியம் 1971இல் மறைந்தார். அரசு தடுத்த தியாகபூமியின் படி, புனேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இன்றும் பேணப்படுகிறது.