உதைபந்தாட்ட ஆசான் விற்றோரியோ பொற்சோ

இவ்விழா மலருக்கு விளையாட்டுத் துறை பற்றி ஒரு கட்டுரை எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, தமிழாசிரியனுக்கும் பந்தடிக்கும் என்ன தொடர்பு என்று முதலிற் கூச்சமுற்றேன். ஆயினும், மைதானத்தில் மாலைதோறும் மாணாக்கரைப் பயிற்றுபவரின் வாழ்வும் வகுப்பறையில் நின்று பாடஞ் சொல்பவனின் வாழ்வும் ஏறக்குறைய ஒன்றே என்னும் எண்ணம் எனக்கு நெடுங்காலமாக உண்டு. ஆதலின் பயிற்றுநர் ஒருவரின் வரலாற்றையே எடுத்துக்கொண்டேன். 1958 இல் மியூனிச் நகரில் மான்செஸ்ரர் யுனைற்றட் குழுவினர்க்கு நேர்ந்த விமான விபத்தை நம்மவர் பலரும் அறிவர். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், 1949 இல், இத்தாலி தேசத்திலே பெரும்புகழ் பெற்ற உதைபந்தாட்டக் குழுவொன்று ஒரு மாலைப் பொழுதில் அடியோடு அழிந்தது. மாண்டவர்களை இன்னார் இன்னார் என்று இனங்கண்டு உரைக்கும் கடமை, அவருட் பலரைத் தேசத்தின் பொருட்டு ஆடவைத்த முதியவர் ஒருவர்மேல் வந்து விழுந்தது. அவர்தாம் விற்றோரியோ பொற்சோ.

பொற்சோ 1886 ஆம் ஆண்டு பங்குனி மாதம் 2 ஆந் திகதி, வட இத்தாலியிலுள்ள தூரின் நகரிற் பிறந்தார். அவருடைய முன்னோர் பொண்டெரானோ என்னும் சிற்றூரினர். இளமையில் மொழிகளைக் கற்பதில் அவர்க்குப் பெருவிருப்பம் இருந்தது. சுவிற்சர்லாந்திலும் பின்னர் இங்கிலாந்திலும் தங்கிக் கற்றார். இங்கிலாந்திலே மொழியோடு உதைபந்தாட்டமும் அவரைப் பற்றிக்கொண்டது. வீட்டார் திரும்பி வருமாறு பணித்தனர், அவர் மறுத்தார். பணம் அனுப்புவதை நிறுத்தினர். அவர் பிறர்க்கு மொழி கற்பித்து அவ்வருவாயிலே காலங் கழித்தார். தம் பிள்ளை வெளிநாட்டிற் படிக்கிறான் என்று எண்ணியிருந்த பெற்றோர் எவ்வளவு கவலையுற்றிருப்பர் என்பதை நம்மூர்ப் பெற்றோருக்கு விளக்க வேண்டுவதில்லை.

சனிக்கிழமைதோறும் அவர் ஆட்டம் பார்க்கச் செல்வார். மான்செஸ்ரர் யுனைற்றட் கழகத்தின் நடுக்காவலராய் விளங்கிய சாளி றொபேட்ஸ் என்பவரின் ஆட்டம் அவருடைய உள்ளத்தைக் கவர்ந்தது. நடுவில் நின்று, இரு மருங்கிலும் ஓடுபவர்க்கு நெடுந்தூரம் பந்தை அனுப்பும் அவ்வாற்றலைக் கண்டு வியந்த பொற்சோ, ஆட்டம் முடிந்தபின் வாயிலிற் காத்துநின்று றொபேட்ஸோடு பேசிப் பழகிக்கொண்டார். ஒரு நல்லாசிரியனிடம் அறிமுகமின்றியே சென்று கேட்டுக் கற்கும் இத்துணிவு எல்லா மாணாக்கர்க்கும் வாய்ப்பதன்று. பிற்காலத்தில் இத்தாலியக் குழுவை அவர் அமைத்த முறைக்கு அடிப்படை இவ்வுரையாடல்களே. தம் சகோதரியின் திருமணத்துக்கென ஊர் சென்றவரை வீட்டார் மீண்டும் போகவிடவில்லை.

தூரின் நகரின் பெயரையே இத்தாலிய மொழியில் தாங்கி நிற்பது தொரினோ என்னும் கழகம். 1906 இல் அது தோன்றிய காலத்தில் அதன் தொடக்கத்திற் பங்குகொண்டோருள் பொற்சோவும் ஒருவர். சில ஆண்டுகள் அதற்காக ஆடியும் உள்ளார். 1912 இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் விழாவுக்குச் சென்ற இத்தாலியக் குழுவுக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டார். முதலாம் உலகப் போரில் அல்பீனி எனப்படும் மலைப்படைப் பிரிவில் அதிகாரியாய்ப் பணியாற்றினார். 1924 இல் அவருடைய மனைவியார் காலமானார். 1929 இல் தேசியக் குழுவின் பொறுப்பை மீண்டும் ஏற்று, 1948 வரை அதனை விடாது வகித்தார்.

அவர் எய்திய வெற்றிகளைச் சுருங்கக் கூறுவல். 1934 இல் உரோமாபுரியில் செக்கோசிலவாக்கியாவை 2–1 என்ற கணக்கில் வென்று உலகக் கிண்ணம். 1936 இல் பேர்லின் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம். 1938 இல் பாரிஸ் நகரில் ஹங்கேரியை 4–2 என்ற கணக்கில் வென்று மீண்டும் உலகக் கிண்ணம். 2022 வரை நடைபெற்ற ஆடவர் உலகக் கிண்ணப் போட்டிகளில், பயிற்றுநராய் இருமுறை கிண்ணம் பெற்றவர் அவர் ஒருவரே. பேர்லினுக்குச் சென்ற குழு மாணவர் குழு. இறுதி ஆட்டத்தில் இத்தாலியின் இரண்டு கோல்களையும் அடித்த புரொசி என்னும் இளைஞர், மூக்குக் கண்ணாடி அணிந்தே ஆடினார். கண்ணாடியைக் காரணங் காட்டி மைதானத்துக்கு வராதிருக்கும் நம் மாணாக்கர் இதனைக் கவனிப்பாராக.

ஆனால் இவ்வெற்றிகளின் மறுபுறத்தைக் கூறாது விடுதல் தகாது. அக்காலத்து இத்தாலி முசோலினியின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. விளையாட்டு வெற்றி யாவும் அவ்வாட்சியின் புகழாகவே முழக்கப்பட்டது. 1938 இல் மார்செய் நகர மைதானத்தில் இத்தாலியர் கையை நீட்டிப் பாசிச வணக்கஞ் செலுத்தியபோது, நாடுகடந்து வாழ்ந்தோரும் பிறரும் பெருங் கூச்சலிட்டு எதிர்த்தனர். கைகள் தாழ்ந்ததும், மீண்டும் உயர்த்துமாறு ஆட்டக்காரர்க்கு ஆணையிட்டவர் பொற்சோ. போர்க்களங்களையும் போரில் மாண்டோரின் நினைவிடங்களையும் ஆட்டக்காரர்க்குக் காட்டி அவர்தம் உள்ளத்தை உரப்படுத்தும் வழக்கமும் அவருக்கு இருந்தது. விளையாட்டைப் போராக எண்ணச் செய்தலை நான் ஒருபோதும் ஒப்பேன். அவர் காலத்திலேயே அவர் அதனின் விலகி நின்றிருக்கலாம்; நிற்கவில்லை. இதனைச் சொல்லிய பின்னரே அவருடைய துயரத்தைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் தொரினோ கழகம் இத்தாலியில் நிகரற்று விளங்கியது. போரினால் தடைப்பட்ட காலத்தை நீக்கிப் பார்த்தால், 1943 முதல் 1948 வரை தொடர்ந்து நான்கு முறை தேசியப் போட்டியில் அது முதலிடம் பெற்றது. வலந்தீனோ மற்சோலா அதன் தலைவர். 1947 ஆம் ஆண்டு வைகாசி 11 இல் இத்தாலி ஹங்கேரியை எதிர்த்து ஆடியபோது, பொற்சோ களமிறக்கிய பதினொருவருள் பதின்மர் தொரினோ ஆட்டக்காரர். கோல் காப்பாளர் ஒருவரே வேறு கழகத்தவர். ஒரு தேசத்தின் குழுவை ஒரே கழகத்திலிருந்து திரட்டுவது எவரும் எளிதிற் செய்யத் துணியாத செயல். தாம் தொடக்கிவைத்த கழகத்தின் மேல் அவர் கொண்ட பற்றும் அதிற் கலந்திருக்கலாம். ஆனால் அன்று இத்தாலி 3–2 என்ற கணக்கில் வென்றது.

1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் டென்மார்க்கிடம் 5–3 என்ற கணக்கில் தோற்றபின், பொற்சோவின் காலம் முடிந்தது. அறுபத்திரண்டு வயதில் அவர் தம் பழைய தொழிலாகிய பத்திரிகை எழுத்துக்குத் திரும்பினார். தூரின் நகரத்து லா ஸ்ராம்பா பத்திரிகைக்கு உதைபந்தாட்டச் செய்திகளை எழுதிவந்தார்.

1949 வைகாசி 3 ஆந் திகதி, போர்த்துக்கல் தேசத்து லிஸ்பன் நகரில் பென்பிக்காக் கழகத்தோடு தொரினோ ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. அக்கழகத்தின் தலைவராயிருந்த பெரெய்ராவைக் கௌரவிக்கும் ஆட்டம் அது. 4–3 என்ற கணக்கில் தொரினோ தோற்றது. மறுநாள் மூன்று இயந்திரம் பூட்டிய விமானமொன்றில் குழு ஊர் திரும்பியது. தூரினில் மழையும் தாழ்ந்த முகிலுமாயிருந்தது. நகரை அடுத்துள்ள சுப்பேர்கா என்னும் குன்றின் உச்சியில், ஏறக்குறைய 670 மீற்றர் உயரத்தில், பெரியதொரு தேவாலயம் உண்டு. மாலை ஐந்து மணி கடந்து சில நிமிடங்களில், முகிலுக்குள் வழி தவறிய விமானம் அத்தேவாலயத்தின் பின்புறத்து அரணில் மோதிச் சிதறியது. 31 பேர் மாண்டனர், ஒருவரேனும் பிழைக்கவில்லை. அவருள் 18 பேர் ஆட்டக்காரர். எஞ்சியோர் பயிற்றுநர், கழக அலுவலர், பத்திரிகையாளர், விமானப் பணியாளர்.

செய்தி கேட்டுக் குன்றுக்கு விரைந்தவருள் பொற்சோவும் இருந்தார். பல உடல்கள் முகம் பார்த்து அறியத்தக்க நிலையில் இருக்கவில்லை. அங்கு நின்ற காவலர்க்கு அவர்களைத் தெரியாது. பல்லாண்டு அவரோடு பயணஞ் செய்து, ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் உணவருந்திய ஒருவராலேயே அது இயலும். மழையில் நின்று பொற்சோ ஒவ்வொருவராகப் பார்த்துப் பெயர் சொன்னார். 1947 இல் தாம் களமிறக்கிய அப்பதின்மருள் ஒன்பதின்மர் அங்கே கிடந்தனர். பத்தாமவராகிய பெராரிஸ் முந்திய ஆண்டே வேறு கழகத்துக்குச் சென்றுவிட்டமையால் உயிர் தப்பினார். பலரின் அண்ணன் தம்பியரையும் மனைவி மக்களையும் பொற்சோ அறிவார். பலரீன் என்னும் குடும்பத்து உடன்பிறந்தார் இருவர் ஒருங்கே மாண்டிருந்தனர். பாரியை இழந்த கபிலரின் துயரைப் பாடமாகப் படிப்பித்து வரும் எனக்கு, இம்முதியவரை எண்ணும்போது அப்பாடத்தை நடத்தக் குரல் எழுவதில்லை. மறுநாட் பத்திரிகையில் அச்செய்தியை எழுதியவரும் அவரே.

மாண்டவருள் ஒருவரைப் பற்றித் தனியே கூறவேண்டும். எர்ப்ஸ்ரைன் என்பவர் ஹங்கேரி தேசத்து யூதர்; தொரினோவின் பயிற்சிக்குப் பொறுப்பாயிருந்தவர். 1938 ஆனியில் இத்தாலி உலகக் கிண்ணம் வென்றது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே யூதரை ஒடுக்கும் சட்டங்கள் இத்தாலியில் வந்தன. எர்ப்ஸ்ரைன் குடும்பத்தோடு நாட்டை விட்டு நீங்கினார். ஹங்கேரியில் வதைத் தொழில் முகாமிலிருந்து தப்பி, போர் முடிந்தபின் தொரினோவுக்கு மீண்டு வந்து, அக்குழுவைச் செம்மை செய்தார். பொற்சோ கையுயர்த்தச் செய்த அவ்வாட்சியால் துரத்தப்பட்டவரும், பொற்சோ வளர்த்த ஆட்டக்காரரும் ஒரே குன்றில் ஒருங்கே மாண்டனர்.

வைகாசி 6 இல் நடந்த இறுதி ஊர்வலத்துக்கு ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர் என்பர். ஆடுகளத்தில் எதிரணியாய் நின்ற கழகத்தாரும் அங்கு நின்று அழுதனர். விளையாட்டு வீரரை இழந்த துயரம் நமக்கும் புதிதன்று. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்று உயிர்நீத்த செய்தியை மூத்தோர் மறந்திரார். ஒருவரை இழந்த வேதனையை அறிந்த நாம், பதினெண்மரை ஒரு மாலையில் இழந்த ஊரை ஓரளவு உணரலாம்.

அவ்வாண்டுத் தேசியப் போட்டியில் இன்னும் நான்கு ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. தொரினோ தன் இளைஞர் குழுவைக் களமிறக்கியது. எதிர்த்து வந்த நான்கு கழகங்களும் தத்தம் முதன்மை ஆட்டக்காரரை நிறுத்திவிட்டு இளைஞரையே அனுப்பின. இவ்வொரு செயலுக்காகவேனும் அக்கழகங்களின் பெயரைக் கூறவேண்டும்: ஜெனோவா, பலேர்மோ, சம்ப்டோரியா, பியொரெந்தீனா. நான்கிலும் வென்று, ஐந்தாம் முறையாகத் தொரினோ முதலிடம் பெற்றது. முழங்கால் உபாதையால் லிஸ்பன் செல்லாதிருந்த சவுரோ தோமா என்னும் ஆட்டக்காரர், அத்தோழரின் நினைவைச் சுமந்து 2018 வரை வாழ்ந்தார். ஆண்டுதோறும் வைகாசி 4 இல் கழகத்தார் குன்றேறிச் செல்ல, அணித்தலைவர் 31 பெயரையும் உரத்து வாசிப்பது வழக்கமாயிற்று.

1950 இல் உலகக் கிண்ணப் போட்டிக்காகப் பிரேசிலுக்குச் சென்ற இத்தாலியர், விமானத்தில் ஏற மனமின்றிக் கப்பலிலே சென்றனர். முதல் ஆட்டத்திலேயே சுவீடனிடம் தோற்றனர். பொற்சோ எழுதுவதை விடவில்லை. மற்சோலா மாண்டபோது அவருடைய மைந்தன் சாந்திரோவுக்கு ஆறு வயது. அச்சிறுவனும் தந்தை வழியே ஆட்டக்காரனாகி, 1968 ஆனியில் இத்தாலி ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றபோது உரோமாபுரி மைதானத்தில் ஆடினான். பொற்சோ அதற்குப்பின் ஆறு மாதங்களே வாழ்ந்தார். அவ்வாண்டு மார்கழி 21 இல், தமது 82 ஆம் வயதிற் காலமாகி, முன்னோர் ஊராகிய பொண்டெரானோவில் அடக்கஞ் செய்யப்பட்டார்.